சவர்க்காரத்தைக் காகம் கொண்டுபோகாத இடத்தில் வையுங்கள்

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு அருகில் வசிக்கிறோம். மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒன்றரை வயது. மகன் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இருவருக்கும் மாறி மாறி வயிற்றோட்டம் வருகிறது. மகன் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு நித்திரையின்றித் தவிக்கிறான். கை கழுவும்படி எத்தனை தடவை ஏசினாலும் கேட்கிறானில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஏசுவதைச் சில நாட்களுக்கு நிறுத்திவிட்டு, உங்கள் மகனின் உயரத்துக்குக் குந்தியிருந்து கிணற்றடியை ஒருமுறை பாருங்கள். வன்னியில் நான் பார்த்த பல வீடுகளில், நிறைந்த வாளியைப் பிள்ளையால் சரிக்க முடியாது. சவர்க்காரமோ கிணற்றுக்கட்டின் மேலே எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது காகம் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வீட்டுக்குள்ளே வைக்கப்பட்டிருக்கும். நான்கு வயதுப் பிள்ளை சவர்க்காரத்தைத் தேடிப்போய்க் கை கழுவும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கோவிட் காலத்தில் கடை வாசல்களில் வைத்திருந்த, குழாய் பூட்டிய வாளி ஒன்று இன்னும் வீட்டில் இருந்தால், அதை மலசலகூடத்துக்கும் குசினிக்கும் இடையில் ஒரு தாழ்ந்த முக்காலியில் வையுங்கள். இல்லாவிட்டால், வெற்றுப் போத்தலொன்றின் மூடியில் ஆணியால் துளையிட்டு, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். சவர்க்காரத்தை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு அதன் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். வலையோடு தேய்த்தால் நுரையும் நன்றாக வரும், காகத்தின் தொல்லையும் இராது. கிருமி கலைந்து போவதற்கு நீர் வழிந்தோட வேண்டும் என்பதால், ஒரே சட்டி நீரில் எல்லோரும் கை நனைப்பதைக் கழுவுதல் என்று கொள்ள முடியாது. முன்பள்ளியில் அப்படி நடக்கிறதா என்று ஆசிரியையிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி ஆகியவற்றைத் தேய்த்தபடி ஒன்றிலிருந்து இருபது வரை ஆறுதலாக எண்ணச் சொன்னால், தேவையான 20 செக்கன்கள் கடந்துவிடும். மலசலகூடம் போய்வந்த பின்னரும் சாப்பிட முன்னரும் இது தவறக்கூடாது. மற்றபடி அவன் மண்ணில் விளையாடட்டும். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

பிள்ளை நீங்கள் சொல்வதைக் கேட்பதைவிட நீங்கள் செய்வதைப் பார்ப்பதே அதிகம். சோறு குழைத்து உருண்டையாக ஊட்டும் அப்பம்மா முதலில் அவனுடன் சேர்ந்து கை கழுவினால், அவனுக்கு அது விளையாட்டாகிவிடும்; அந்தச் சோற்றில் கிருமி சேராமல் இருப்பதற்கும் அதுவே வழி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று எண்ணி அதை வளவின் பின்புறம் வீசிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். மலசலகூடத்தில் கொட்டிவிட்டு, மகளைக் கழுவிய கையை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இரவுச் சொறிச்சல் பெரும்பாலும் கீரிப்பூச்சியால் வருவது. வெள்ளை நூல்துண்டு போன்ற இந்தப் பூச்சி இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். பிள்ளை சொறியும்போது முட்டைகள் நகத்தினுள் புகுந்து, விரல் வாய்க்குப் போகையில் மறுபடியும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். முட்டைகள் படுக்கை விரிப்பில் இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிர்த்திருக்கக்கூடும். ஆகவே மகனுக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுத்தால் போதாது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் குடித்து, இரண்டு வாரத்தின் பின் மீண்டும் ஒருமுறை குடிக்க வேண்டும். மகள் இரண்டு வயதுக்குக் குறைந்தவள் என்பதாலும், வீட்டில் கர்ப்பிணிகள் எவரேனும் இருக்கலாம் என்பதாலும், மருத்துவரிடம் கேட்காமல் பார்மசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்து கொடுத்த மறுநாள் காலையில் பிள்ளைகளைக் குளிக்கவார்த்து, விரிப்புகளை உதறாமல் எடுத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

குடிநீரைக் குமிழிகள் எழக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். சுத்திகரித்த நீரைக் கானில் வாங்குபவர்கள்கூட, அதைக் குடத்தில் ஊற்றிப் பேணியை விரல்களோடு உள்ளே அமிழ்த்தி எடுப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படி எடுத்தால் கொடுத்த காசு வீண். மாரியில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியிருந்தால், இறைத்துக் குளோரின் இடும்வரை அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள்.

மீண்டும் வயிற்றோட்டம் வந்தால், ஒரு பைக்கற் ஜீவனியை (வயிற்றோட்டத்தில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூளை) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பவராயின் அதை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாலோ, கண் குழிவிழுந்து சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.