ஷேட், ஷேடோ: இரண்டும் நிழல்தானே, என்ன வேறுபாடு?

ஆங்கில-தமிழ் அகராதியில் ஷேட் (shade), ஷேடோ (shadow) இரண்டுக்கும் 'நிழல்' என்றுதான் போட்டிருக்கும். ஒரு பிரிவுபசார மடலில் மாட்டிக்கொள்ளும்வரை எனக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது. அந்தக் கதை அப்புறம்.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு மரத்தை நோக்கி நடந்து பாருங்கள். தரையில் உங்கள் உருவம் கூடவே வரும், கையை ஆட்டினால் அதுவும் ஆட்டும். அது ஷேடோ. மரத்தடிக்குள் நுழைந்ததும் அந்த உருவம் காணாமல் போய்விடும், உடம்பில் வெயில் படாது. இப்போது நீங்கள் நிற்பது ஷேடில். ஷேடோவுக்கு வடிவமும் விளிம்பும் உண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணலாம். சந்திர கிரகணத்தில் நிலாவின்மேல் வளைவாக ஏறுவது பூமியின் ஷேடோ. ஷேட் என்பது வெயில் படாத இடம், இந்தப் பொருளில் எண்ண முடியாது. 'எ ஷேட்' என்றால் நிறத்தின் சாயலோ விளக்கு மறைப்போ ஆகிவிடும். 'ஷேட்ஸ்' என்றால் கூலிங் கிளாஸ்!

சரி, மரத்தின் நிழல் எது? சுவரில் விழுந்து நீளும் வடிவத்தைச் சொன்னால் ஷேடோ. அதே நிழலில் துண்டை விரித்துப் படுத்தால் ஷேட்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் எழுவாய் வடிவம் ஷேட் ஆனது, வேற்றுமை ஏற்கும் வடிவம் ஷேடோ ஆனது. நம் 'மரம்', 'மரத்து' இரண்டும் பிரிந்துபோய் ஆளுக்கொரு பொருளோடு தனிக்குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மடல். மேலாளர் ஓய்வுபெற்றபோது, எல்லோருமாகத் தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'இத்தனை வருடம் உங்கள் நிழலில் வளர்ந்தோம்' என்ற வரியில் 'இன் யுவர் ஷேடோ' என்று போட்டேன். அச்சுக்குப் போகும்முன் படித்த ஒருவர், "இது வாழ்த்தா, புகாரா?" என்று கேட்டார். தமிழில் ஒருவர் நிழலில் இருப்பது என்றால் அவர் ஆதரவில் இருப்பது. அரசனின் குடைநிழலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒருவரின் ஷேடோவில் வளர்ந்தோம் என்றால், அவர் புகழ் மறைத்ததால் நாங்கள் யார் கண்ணிலும் படாமல் போனோம் என்று அர்த்தம். ஷேட் என்று மாற்றிப் பார்த்தேன், மேலாளரை மரமாக்கியது போல இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளில், சங்கீதம் என்ற துதிப்பாடல் பகுதியில் கடவுளுடைய சிறகுகளின் ஷேடோ பாதுகாப்பாகத்தான் வருகிறது. ஆனால் இன்றைய பேச்சில் அந்தப் பொருளுக்கு நிழல் தேவையில்லை, சிறகு மட்டும் போதும். 'அண்டர் யுவர் விங்' என்று திருத்தி அனுப்பினேன்.