அக்னி நட்சத்திரத்தில் மல்லிச்செடியை இடம் மாற்றலாமா?

கேள்வி: எங்கள் கொல்லையில் பத்து வருஷத்துக் குண்டுமல்லிப் புதர் இருக்கிறது. மே கடைசியில் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். செடி நிற்கிற இடம் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. கார்த்திகைக்கு முன்னால் தோண்டினால் செத்துவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மாமியார் சொல்வது சரிதான். குண்டுமல்லிக்குக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, நவம்பர் கடைசியில். அப்போது செடி ஓய்ந்திருக்கும், மண்ணில் மழை ஈரமும் இருக்கும். இப்போதோ அது பூத்துக் குலுங்குகிற நேரம். ஆனால் மேஸ்திரி கார்த்திகை வரை காத்திருப்பாரா? தைரியமாக மாற்றுங்கள். பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

இந்த வேலையில் வெயிலைவிடப் பெரிய எதிரி, வெட்ட மனசு வராததுதான். தோண்டும்போது வேரில் பெரும்பகுதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மிச்சமிருக்கும் வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாமல் திணறும். அதனால் தோண்டும் அன்று காலையில் புதரை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மொட்டு, பூ, இலை எதையும் விட்டுவைக்காதீர்கள். பார்க்க மொட்டைக் குச்சிகளாக நிற்கும், மாமியார் திட்டுவார், திட்டட்டும்.

உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பது நல்லதாகப் போயிற்று. இன்றைக்கே அடித்தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அரைவட்டமாக ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, மக்கிய எரு கலந்த மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். பத்து நாள் கழித்து அடுத்த பாதி. வேர் ஒரேயடியாக அறுபடாது, வெட்டிய பக்கம் புது வேரும் பிடிக்கத் தொடங்கும். பெயர்ப்பதற்கு முதல் நாள் மண் நன்றாக நனையட்டும். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தால் சல்லிவேரும் கூடவே போய்விடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கி, உடனே நட்டுவிடுங்கள்.

எங்கே நடுவது? மனையிலேயே ஒரு மூலை கிடைத்தால் நல்லது. சிமெண்ட் கலக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடமே இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட பாதி டிரம் போதும். வீடு முடிந்ததும் கார்த்திகை, மார்கழியில் நிரந்தர இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நட்டபின் தென்னங்கீற்றோ பச்சை வலையோ கட்டி மூன்று வாரம் நிழல். தண்ணீர் தினமும், ஆனால் சேறாகக் கூடாது. கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதை விடவே வேண்டாம், குடிநீர்க் குழாய்த் தண்ணீர் விடுங்கள். துளிர் வரும்வரை உரம் எதுவும் கூடாது.

ஒரு மாதம் அசைவே இல்லாமல் நின்றாலும் பிடுங்கி எறியாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும், வெட்டிப்போட்ட கிளைகளில் பென்சில் பருமனுள்ளதாக நாலைந்து போத்து (நடுவதற்கான குச்சித் துண்டு) எடுத்து, மணல் கலந்த பையில் ஊன்றி நிழலில் வையுங்கள்.