பிரேக் பேடை நாமே மாற்றலாமா: கேட்டவர்களுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

கோவையில் 26 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சொந்தக் காரின் பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துவதுதான் பேட். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரண சின்னக் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் ஸ்விஃப்ட் 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பக்கப் பேடை மாற்றச் சொல்கிறார்கள். நிஜமாகவே மாற்ற வேண்டுமா?

கி.மீ. கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற வண்டிக்கும் பைபாஸிலேயே ஓடுகிற வண்டிக்கும் பேட் ஆயுள் இரண்டு மடங்கு வித்தியாசப்படும். தடிமனைப் பாருங்கள். புதுப் பேடில், இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உராய்கிற பகுதி மட்டும் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். அது 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் கண்ணில் படும். பேடைத் தள்ளுகிற பிஸ்டனை ஒட்டி இருக்கிற உள்பக்கப் பேட் பல வண்டிகளில் முதலில் தேயும். சக்கரத்தைக் கழற்றி அதையும் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: காலையில் வண்டியை எடுத்ததும் கீச்சென்று சத்தம். பேட் தீர்ந்துவிட்டதா?

மழையில் நனைந்த மறுநாள், இரண்டு மூன்று பிரேக்கில் நின்றுவிடுகிற சத்தம் என்றால் டிஸ்கில் படிந்த மெல்லிய துரு. பயமில்லை. ஓட ஓட நிற்காத கீச் சத்தம் என்றால், பேட் தேய்ந்ததைச் சொல்வதற்கென்றே பல பேடுகளில் வைத்திருக்கிற சின்னத் தகடு டிஸ்கில் உரசுகிறது என்று அர்த்தம். கரகரவென்று இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்டெப்னி மாற்றியிருக்கிறேன், ஆயில் நானே மாற்றுவேன். வீடியோவில் அரை மணி நேரத்தில் முடிக்கிறார்கள். நானும் இறங்கலாமா?

கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். கீழ்ப்பக்க போல்ட்டைக் கழற்றி, பேடை டிஸ்கில் அழுத்துகிற காலிப்பரைத் தூக்கினால் பேட் கையோடு வந்துவிடும். அதற்கு அப்புறம் என்ன பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பழைய பேட் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் தாராளமாக நீங்களே மாற்றலாம். உள்பேட் காகிதமாகி வெளிப்பேட் பாதி மிச்சம் இருந்தால், காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் பிஸ்டன் திரும்பிப் போகாமல் பிடிக்கிறது. பேட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தாலும் பின்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைக் கவனிக்காமல் புதுப் பேடைப் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். பின்னை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சக்கர பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும்.

டிஸ்கையும் பாருங்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தடிமனை பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்கையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் பொறுமையாகப் பார்ப்பேன் என்றால் இறங்குங்கள். முதல் தடவை அரை நாள் ஒதுக்குங்கள், ஒரு பக்கம் முடித்து மாட்டிய பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். குழம்பினால் மாட்டியிருக்கிற பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். காலிப்பரை அதற்கு பிரேக் ஆயில் வருகிற ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் லேசான சரிவு. வண்டியோடு வந்த ஜாக்கி போதுமா?

போதாது, அந்த இடமும் வேண்டாம். அந்த ஜாக்கி ரோட்டோரத்தில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். சமதளமான சிமெண்ட் தரை, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வண்டியைத் தாங்க ஜாக் ஸ்டாண்ட் இந்த மூன்றும் இல்லாவிட்டால் ஆரம்பிக்காதீர்கள். செங்கல் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறார்கள். செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

கேள்வி: இதனால் எவ்வளவு மிச்சமாகும்?

கூலி மட்டும்தான். சின்னக் காருக்கு அது பெரிய தொகை இல்லை. ஸ்டாண்ட், போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்குகிற டார்க் ரெஞ்ச் வாங்குகிற காசை எடுக்கவே இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கும். பணத்துக்காகச் செய்ய வேண்டாம் என்பேன். சொந்தக் கண்ணால் பார்த்து, சொந்தக் கையால் முறுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் தனியாக வேலை செய்யும் பெண். பிஸ்டனை உள்ளே தள்ள நிறைய பலம் வேண்டுமா?

பலம் வேண்டாம் அம்மணி. பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து சி எழுத்து வடிவத்தில் இருக்கிற முறுக்குப் பிடியான ஒரு சி கிளாம்ப்பால் மெதுவாக முறுக்குங்கள், அது போய்விடும். முன்னதாக பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும். வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பின்பக்கமும் டிஸ்க் என்றால் கவனம். சில வண்டிகளில் அந்தப் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியை முதலில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுவர வேண்டும். கிளாம்ப் போட்டுத் தள்ளினால் உள்ளே இருக்கிற மோட்டார் போய்விடும். அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்த பேட் வாங்கலாம்? பாதி விலைக்கும் கிடைக்கிறதே.

கார் கம்பெனியின் ஒரிஜினல், அல்லது பெயர் பெற்ற பிரேக் கம்பெனிகளுடையது. நம் சென்னை பாடியிலேயே பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962 முதல் இருக்கிறது. கடையில் ரசீதோடு வாங்குங்கள். பாதி விலைக்கு வருவது பெரும்பாலும் போலி. எந்தப் பேடாக இருந்தாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. புதுப் பேட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அது பிரேக் ஆயில் லைனில் காற்று, கசிவு, இல்லையென்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. நீங்கள் தொட வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். ஆளை வரவழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: நானே மாற்றிவிட்டேன் சார். நாளைக் காலை குடும்பத்தோடு வால்பாறை. கிளம்பலாமா?

முதலில் ஒன்று: வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை, கட்டியாகும்வரை, மிதித்தீர்களா? பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நான் அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தேன். வண்டி நிற்கவே இல்லை, பின்னால் இருந்த சுவர்தான் நிறுத்தியது. அந்த இடத்தில் சற்றுமுன் வரை ஒரு பையன் உட்கார்ந்து டயர் கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் பேட் மாற்றினால் பெடலை மிதித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன்.

நாளைக்கு வால்பாறை வேண்டாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, திரும்பும்போது முழுக்க இறக்கம். புதுப் பேட் டிஸ்கோடு படிய வேண்டும். காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு நிதானமாகக் குறையுங்கள், இதே மாதிரி எட்டுப் பத்து முறை, நடுநடுவே ஆறவிட்டு. இரண்டு மூன்று நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். அப்புறம் சக்கர நட்டையெல்லாம் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, அடுத்த வாரம் மலை ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர்.