முகப்பில்லாத சஞ்சிகைத் தாள்களின் காலத்தை விளம்பரங்களால் கணித்தல்

வணக்கம். முல்லைத்தீவில் வீட்டுப் பரணில் கிடைத்த, அட்டையும் திகதியும் இல்லாத சஞ்சிகைத் தாள்கள் எக்காலத்தவை என்று கேட்டிருந்தீர்கள். கதைகளை விட்டுவிட்டு விளம்பரங்களைப் பாருங்கள்.

விலை அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்திய இந்தியத் தாள். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. சென்னை முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருப்பின் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. எங்கள் இலங்கை நாணயத்தின் சதக் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மாறாததால், அது உங்களுக்கு உதவாது.

நீங்கள் படமெடுத்துப் போட்டிருக்கும் நீர் இறைக்கும் இயந்திர விளம்பரமே மிகச் சுவையானது. சாரத்தை மடித்துக் கட்டிய கமக்காரர், அவருக்குப் பின்னால் மிளகாய்ச் செடிகள், அடியில் ஆங்கில எழுத்தில் ‘சிலோன்’. நாட்டின் பெயர் 1972 மே 22இல் ‘ஸ்ரீலங்கா’ என மாறியதால், இது பெரும்பாலும் அதற்கு முந்தியது. 1970இல் பதவியேற்ற அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து, வடக்கின் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. நகரத்து உத்தியோகத்தரை விடுத்துக் கமக்காரரை வாடிக்கையாளராக அந்த விளம்பரம் கருதுவதற்கு இதுவே காரணமாகலாம் என்பது என் ஊகம். ஆயினும் பழைய அச்சுக்கட்டைகளை ஆண்டுக்கணக்கில் திரும்பப் பயன்படுத்துவார்கள் (சிக்கனம்தான்!) என்பதால், ஒரே அடையாளத்தை நம்பாமல் மறுபக்க விளம்பரங்களையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அக்காலச் சஞ்சிகைகளின் வருடிய பிரதிகள் உள்ளன. எழுத்துருவையும் பக்க அமைப்பையும் அவற்றுடன் ஒப்பிடலாம். கிழிந்த இடங்களில் ஒட்டுநாடா மட்டும் ஒட்டாதீர்கள்.