தட்டணு எதிர்ப்பொருள் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் ஐ.டி.பி. நோய் இல்லை என்று பொருளா?

அப்படிப் பொருள் கொள்ள முடியாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அழித்துக் குறைக்கும் நோய்தான் ஐ.டி.பி. இந்நோயில் உடல் தானே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் (நோயெதிர்ப்புப் புரதங்கள்), தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள 2பி/3ஏ, 1பி/9 போன்ற கிளைக்கோபுரதங்களில் (சர்க்கரை இணைந்த புரதங்களில்) ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு குறிவைக்கப்பட்ட தட்டணுக்களைப் பெரும்பாலும் மண்ணீரல் அழித்துவிடுகிறது.

பழைய பரிசோதனைகள் தட்டணுவோடு சேர்ந்திருந்த ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் வகை முழுவதையும் அளந்தன. தட்டணு தன் உள்துகள்களிலும் இயல்பாகவே ஐ.ஜி.ஜி.யைச் சேமித்து வைப்பதால், வேறு காரணங்களால் தட்டணு குறைந்தவர்களுக்கும் அந்த அளவு உயர்ந்தே தெரிந்தது. உண்மையில் அதனால் தெளிவைவிடக் குழப்பமே மிகுந்தது.

1987இல் விவரிக்கப்பட்ட மைப்பா (MAIPA) என்ற பரிசோதனை முறை இதற்குத் தீர்வு தேடியது. நோயாளியின் தட்டணுக்களோடு, குறிப்பிட்ட ஒரு கிளைக்கோபுரதத்தை மட்டும் பற்றும் எலி எதிர்ப்பொருளைச் சேர்த்து, கழுவி, சோப்பு போன்ற கரைப்பானால் சவ்வைக் கரைக்கிறார்கள். பிறகு அந்தப் புரதத்தைச் சிறு குழியொன்றில் பிடித்துவைத்து, அதில் மனித எதிர்ப்பொருளும் ஒட்டியிருக்கிறதா என்பதை நிறமாற்றத்தால் அறிகிறார்கள்.

இதில் 'உண்டு' என்று வந்தால் நோய்க்கு வலுவான சான்று. ஆனால் ஐ.டி.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே அப்படி வருகிறது. சிலருக்கு எதிர்ப்பொருளுக்குப் பதிலாக டி செல்கள் என்ற வெள்ளணுக்களே தட்டணுவைத் தாக்குகின்றன. மேலும், தட்டணு மிகவும் குறைந்தவரிடம் பரிசோதனைக்குப் போதிய தட்டணு கிடைப்பதே கடினம். தட்டணுவை விட்டு, ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தை மட்டும் சோதித்தால், கண்டறியும் திறன் இன்னும் குறையும்.

ஆகவே, தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்திற்குக் கீழே இருப்பதை உறுதிசெய்து, ரத்தப் பூச்சை (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தத்தை) நுண்ணோக்கியில் பார்த்து, பிற காரணங்களை விலக்கிய பின்னரே மருத்துவர் இந்நோயை முடிவுசெய்கிறார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. வேதிப்பொருள் உள்ள குழாயில் தட்டணுக்கள் திரண்டு பொய்யாகக் குறைந்து காட்டுவதும் அந்தப் பூச்சில்தான் பிடிபடும்.