அண்ணாச்சி பதில்கள்: இந்த வாரம் முழுக்க சங்கரன்கோவில்

போன இதழில் போகிற போக்கில் எங்கள் ஊர் ஆடித்தபசைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. சரி, அரசியல், சினிமா கேள்விகள் எல்லாம் ஒரு வாரம் பொறுத்திருக்கட்டும்.

அண்ணாச்சி, ஆடித்தபசு என்கிறீர்களே, தபசு இருப்பது யார், எதற்காக? நான் திருப்பூர்க்காரி, எனக்கு ஒன்றும் தெரியாது. (வாசகி, திருப்பூர்)

கோமதி அம்மன்தான் தாயி. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவனுக்குச் சிவன் பெரியவர், இன்னொருவனுக்குத் திருமால். சண்டை முற்றி, பஞ்சாயத்துக்கு அம்மனிடம் வந்தார்கள். அம்மன் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நீங்களே காட்டுங்கள் என்று சிவனைக் கேட்டு, புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். ஒரு பாதி சிவன், மறுபாதி திருமாலாக அவர் வந்து நின்ற கோலம்தான் சங்கரநாராயணர். அதனால் எங்கள் கோயிலில் சங்கரலிங்கம், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என்று மூன்று சன்னதி. நடுச் சன்னதியில் திருநீறும் கிடைக்கும், துளசித் தீர்த்தமும் கிடைக்கும்.

திருவிழா 12 நாள். ஆடி உத்திராட நட்சத்திரம் வரும் பௌர்ணமியை ஒட்டித் தபசுக் காட்சி. அன்றைக்கு அம்மன் சப்பரத்தில் புறப்பட்டுத் தெற்கு ரத வீதித் தபசு மண்டபத்துக்குப் போய்க் காத்திருப்பாள். சாயங்காலம் வெள்ளி ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராகச் சுவாமி வந்து காட்சி கொடுப்பார். கதை அதோடு முடிந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறப் போய்விடுவார்கள். அம்மனோ, பார்த்தது சரி, எனக்கு என் பழைய ஆளாகவே வந்து நில்லுங்கள் என்று மறுபடி தபசு இருப்பாள். ராத்திரி வெள்ளி யானை வாகனத்தில் சங்கரலிங்க சுவாமியாக வருவார். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது காட்சிதான் காட்சி. கொஞ்சம் நெரிசல் குறைந்திருக்கும், காற்றும் வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. முதல் காட்சி நேரத்தில் சுற்றுப்பட்டுக் கிராமத்து சம்சாரிகள் பருத்தி, மிளகாய் வத்தல், நெல் என்று தங்கள் காட்டில் விளைந்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்து சப்பரத்தைப் பார்த்து வீசுவார்கள். சூறைவிடுவது என்று பெயர். வத்தல் தலையில் விழும், கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். இது கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரிப் பூமி. வானம் பார்த்து விதைக்கிறவன், விளைந்ததில் முதல் பிடியை இங்கே வீசிவிட்டு மீதியைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோவான். கோயில் தனி, சந்தை தனி என்று எங்கள் ஊரில் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பழைய பத்திரம் ஒன்றில் சங்கரநயினார்கோவில் தாலுகா என்று இருக்கிறது. அது வேறு ஊரா? (வாசகர், மதுரை)

அதே ஊர்தான். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் கடைசிவரை சங்கரநயினார்கோவில் என்றுதான் சொன்னார்கள். 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்ததிலிருந்து பத்திரத்தில் மாவட்டத்தின் பெயரும் மாறிவிட்டது, ஆனாலும் வெளியூரில் எந்த ஊர் என்று கேட்டால் வாயில் திருநெல்வேலி என்றுதான் வருகிறது.

கோயிலைக் கட்டியது உக்கிரபாண்டியன் என்பார்கள். ஆனால் தலபுராணப்படி சுவாமியைக் கண்டெடுத்தது ராஜா இல்லை, புன்னை வனத்துக்குக் காவல் இருந்த காவற்பறையன். புற்றை வெட்டினார், பாம்பின் வால் அறுபட்டது, உள்ளே பார்த்தால் லிங்கம். அப்புறம்தான் ராஜாவுக்குச் சேதி போனது. 125 அடி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அந்தக் காவல்காரரையும் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மாமியார் ஒரு பொட்டலம் புற்றுமண் கொடுத்து, குழந்தையின் தேமலுக்குத் தடவு, கொஞ்சம் வாயிலும் போடு என்கிறார். போடலாமா? (வாசகி, சென்னை)

நெற்றியில் வையுங்கள், வாயில் போடாதீர்கள். மாமியாரிடம் அண்ணாச்சி சொன்னார் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பழி என் மேல் வரட்டும். புற்றுமண்தான் எங்கள் கோயில் பிரசாதம், நானும் சின்ன வயதில் தின்றவன்தான், ஆனால் பச்சைக் குழந்தைக்கு மண் உள்ளே போனால் வயிற்றுப் பூச்சி வரும். தேமலுக்குத் தோல் டாக்டரிடம் காட்டினால் ஒரு களிம்பில் போய்விடும்.

இதையொட்டி இன்னொன்று. வீட்டில் பாம்பு, தேள் தட்டுப்பட்டால் எங்கள் பக்கத்தில் உடனே சங்கரன்கோவிலுக்கு நேர்ந்துகொள்வார்கள்; கோயில் வாசல் கடையில் வெள்ளித் தகட்டில் அடித்த பாம்பு உரு, தேள் உரு வாங்கி உண்டியலில் போடுவார்கள். தாராளமாகப் போடுங்கள். ஆனால் கடித்துவிட்டால் முதலில் அரசு ஆஸ்பத்திரி, உரு அப்புறம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் போடுவார்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கோயில் ஊர் என்கிறீர்கள், ஆனால் என் நண்பர்கள் உங்கள் ஊருக்கு வருவது மட்டன் பிரியாணிக்குத்தான். கோபம் வருமா? (வாசகர், கோவில்பட்டி)

எதற்குக் கோபம்? மத்தியானம் கொஞ்சம் தாமதித்து வந்து, தீர்ந்துபோச்சு என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினால் அவர்களுக்குத்தான் கோபம் வரும்.

பிச்சிப்பூ, மல்லிகை உங்கள் ஊர் மார்க்கெட்டில் மலிவா அண்ணாச்சி? தை மாதம் வீட்டில் கல்யாணம். (வாசகி, ராஜபாளையம்)

தை மாதத்திலா? பணத்தை எடுத்து வையுங்கள். மார்கழி, தையில் பனி இறங்கினால் மல்லிகை மொட்டு பிடிக்காது, வரத்து சுருங்கிவிடும். முகூர்த்தமும் பொங்கலும் சேர்ந்துவிட்டால் கிலோ சில ஆயிரத்துக்குப் போகும். அதே மல்லிகை சித்திரை வெயிலில் கொட்டிக் கிடக்கும்போது, பறித்த கூலிக்குக் கட்டவில்லை என்று சம்சாரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போனால் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். பெண்ணுக்குத் தலை நிறைய வேண்டும் என்றால் உள்ளே கனகாம்பரம் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வந்த கையோடு சேலையும் பார்த்துவிட்டுப் போங்கள், ஊருக்குள் நிறைய விசைத்தறி ஓடுகிறது. முகூர்த்தப் பட்டு எடுக்க இல்லை, வருகிற சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற காட்டன் சேலைக்குச் சொல்கிறேன்.

ஒரு நாள் லீவு இருக்கிறது. சங்கரன்கோவிலோடு வேறு என்ன பார்க்கலாம்? (வாசகர், பெங்களூரு)

சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரே நாளில் ஐந்து கோயில் சுற்றுவார்கள். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்கள். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். பெயர்களைப் பாருங்கள்: தாருகாபுரத்துச் சாமி மத்தியஸ்தநாதர், ராஜாக்களின் சண்டையில் நடுவராக இருந்தவர். தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தவர், பகை ராஜா அனுப்பிய விஷம் தோய்ந்த துணியிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றினாராம். கரிவலத்தில் வரதுங்கராம பாண்டியன் சம்பந்தம் உண்டு, திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி அந்தத் தலத்து நூல். குட்டித் திருவாசகம் என்பார்கள். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சென்னிகுளமும் அந்தப் பக்கம்தான். 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

அவர் பாடிய முருகன் இருக்கிற கழுகுமலை எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே வெட்டுவான் கோயிலைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததற்கு அர்த்தமே இல்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்து, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. பக்கத்திலேயே சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். பாறை சுடும், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

மார்ச் 21, 22, 23 தேதிகளில் லீவு கிடைத்தால் இன்னும் நல்லது, சங்கரலிங்கத்தின் மேல் காலை வெயில் நேராக விழும். செப்டம்பரிலும் அதே தேதிகள். பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் சூரியன் சரியாகக் கிழக்கில் உதிக்கும், வாசலும் கிழக்கு பார்த்தது, கட்டியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். மேகம் மூடிவிட்டால் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

நீங்கள் ஆடிச்சுற்று சுற்றியிருக்கிறீர்களா அண்ணாச்சி? (வாசகி, தூத்துக்குடி)

ஒரே ஒரு முறை. தெரியாதவர்களுக்கு: கொடியேறியதிலிருந்து தபசு வரைக்கும் கோயிலை 101, 108, 501, சிலர் 1001 சுற்று கூடச் சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கிற அம்மனின் வலியில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. எட்டாம் வகுப்புப் பரீட்சைக்காக அத்தை எனக்கு 108 நேர்ந்துவிட்டார். சட்டைப் பையில் 108 புளியங்கொட்டை, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எழுபது சுற்றுவாக்கில் கால் வலியில், கொட்டை வறுத்ததுதானே என்று நாலைந்தை மென்றுவிட்டேன். கணக்கு உதைத்தது. அத்தை என் வாயைத் திறந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, மறுபடி முதலிலிருந்து எண்ணிக் கையில் கொடுத்தார், இந்தத் தடவை வறுக்காத கொட்டை.