இம்யூட்டபிள் போட்டதும் டெம்ப்ளேட் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் மென்பொருள் பயிற்சியில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அத்தாவின் நாசி கண்டார் கடைக்காக டி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். விலைகளைக் கூட்டித் தருவது ஒரு டெம்ப்ளேட் செயற்கூறு, அதாவது தரவின் வகையைப் பிறகு நிரப்பிக்கொள்ளும் அச்சு. சாதாரண அணியைக் கொடுத்தால் ஓடுகிறது. விலைகள் தவறுதலாக மாறிவிடக் கூடாது என்று அணியை இம்யூட்டபிள் (மாற்றவே முடியாதது) ஆக்கினேன், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா?"

எடுக்காதீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் டெம்ப்ளேட் 'ஏதோ ஒரு வகையின் அணி' என்று மட்டுமே கேட்கிறது. அது எந்த வகை என்பதை, கொடுக்கப்பட்ட அணியைப் பார்த்துக் கம்பைலரே ஊகித்துக்கொள்கிறது. 650, 800, 1200 என்று சென்னில் விலைகள் உள்ள சாதாரண அணி என்றால் வகை 'இன்ட்', அதாவது முழு எண். (முழு எண்ணாகச் சென்னில் வைத்தது நல்ல காரியம். 0.10 ரிங்கிட்டைக்கூட இரும பின்ன எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாது.) இம்யூட்டபிள் அணியைக் கொடுத்தாலோ, வகை 'இம்யூட்டபிள் இன்ட்'. செயற்கூறின் உள்ளே அதே வகையில் 'மொத்தம்' என்று ஒரு மாறியை அறிவித்து 0 போட்டிருப்பீர்கள். அதுவும் இம்யூட்டபிள் ஆகிவிட்டது. மாறி என்று பெயர், மாறத்தான் வழியில்லை. முதல் 650-ஐக் கூட்டப் போகும்போதே கம்பைலர் கையைப் பிடித்துவிடுகிறது. விலைப்பட்டியலை யாரும் தொடவில்லை, மாட்டிக்கொண்டது மொத்தம்.

செயற்கூறு வாங்கும் அணியின் உறுப்புகளுக்குக் 'கான்ஸ்ட்' (இந்த வழியாகப் படிக்கலாம், மாற்ற முடியாது) போடுங்கள். அதாவது 'கான்ஸ்ட் வகையின் அணி' என்று கேளுங்கள். அப்போது கான்ஸ்ட் வெளியே நின்றுவிட, இரண்டு அணிகளுக்குமே வகை வெறும் 'இன்ட்' என்றே கிடைக்கும். மொத்தம் தாராளமாகக் கூடும். இரண்டுக்கும் தனித்தனி நகல் உருவாகாமல் ஒரே செயற்கூறு போதும் என்பது கூடுதல் லாபம்.

கான்ஸ்ட், இம்யூட்டபிள் என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. கடையில் தொங்கும் விலைப்பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் அதைப் படிக்கலாம், அழிக்க முடியாது. ஆனால் அத்தா நினைத்தால் துடைத்துவிட்டுப் புது விலை எழுதுவார். வாடிக்கையாளரின் நிலைதான் கான்ஸ்ட். இம்யூட்டபிள் கல்வெட்டு: அத்தாவாலும் முடியாது. கல்வெட்டையும் பலகையையும் படிக்க மட்டும் செய்பவருக்கு இரண்டும் ஒன்றே என்பதால்தான் கான்ஸ்ட் இரண்டையும் ஏற்கிறது. டி மொழியில் இந்தத் தடை மேலோட்டமானதும் அல்ல. வேறிடத்திலுள்ள தரவைக் காட்டும் சுட்டிகள் வழியாகப் போய்ச் சேரும் தரவு வரை இறங்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் பழகியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

சில இடங்களில் கான்ஸ்ட் உத்தி பொருந்தாது. அங்கே நிலையான நூலகத்தின் டிரெய்ட்ஸ் பகுதியிலுள்ள 'அன்குவால்' உதவும். வகையின் மேலுள்ள இம்யூட்டபிள், கான்ஸ்ட் போன்ற அடைமொழிகளை உரித்துத் தரும். காஸ்ட் செய்து (வகையை வலிந்து மாற்றி) இம்யூட்டபிளைக் கழற்றி மதிப்பை மாற்ற மட்டும் முயலாதீர்கள். கம்பைலர் விட்டுவிடும், ஆனால் அதன்பின் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மொழி பொறுப்பேற்காது.

அடுத்து உணவின் பெயர்களைக் கையாளும்போது இதே சிக்கல் மறுபடி வரும். டி மொழியின் இன்றைய பதிப்பில் பெயர் போன்ற உரையை வைக்கும் ஸ்டிரிங் என்பதே இம்யூட்டபிள் எழுத்துகளின் அணிதான். மாற்றக்கூடிய நகல் வேண்டுமென்றால் 'டப்', மாறாத நகல் வேண்டுமென்றால் 'ஐடப்'. நாளை அத்தா கறி விலையை ஏற்றினாலும் பழைய அணியைத் திருத்தாமல், டப் எடுத்து மாற்றிப் புதிய பட்டியலாக வையுங்கள்.